தொலைந்த மூன்று வோல்ட்

டோர்குன் தன் காரை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவாள். கடைக்குப் போனால் கடைக்கு மேலே இருக்கும் வளைவில். சர்ச்சுக்குப் போனால் கல்லறைச் சுவரை ஒட்டிய சரிவில். வீட்டில் என்றால் கொட்டகைக்கு மேல்புறம், காரின் மூக்கு கடலைப் பார்த்தபடி. கிளம்பும்போது கை பிரேக்கைத் தளர்த்துவாள். வண்டி தானாக உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஒரு குலுக்கலோடு என்ஜின் பிடித்துக்கொள்ளும். சாவி சில நாள் கைகொடுக்கும், சில நாள் கைவிடும், அதை நம்புவதை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஸ்கார்வோய் தீவில் இருந்தது நூற்று நாற்பது பேர். அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருவர்கூட அதைப் பற்றி அவளிடம் மூச்சு விட்டதில்லை.

நார்வேயின் வடக்குக் கடலோரத்து ஆட்கள் அப்படித்தான். அடுத்தவர் வீட்டுக் கூரை பறந்துபோனால் நடுப்புயலிலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கூரை ஆடிக்கொண்டிருக்கும்போது மட்டும் வாயில் கொழுக்கட்டை. கேட்காமல் உதவப் போனால் ‘உன்னால் முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகிவிடும். உதவி என்று கேட்டால் ‘என்னால் முடியவில்லை’ என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எத்தனை பேர் தனியாகத் திண்டாடியிருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்? திண்டாடியவர்கள் வெளியே சொன்னால்தானே.

தீவில் மேடு இருந்தது. கரைக்குப் போகும் ஃபெர்ரியின் தளத்தில் மேடு ஏது? அங்கே கார்களை நான்கு வரிசையாக நெருக்கி நிறுத்துவார்கள். என்ஜினை அணைத்துவிட வேண்டும், அது சட்டம். ஐம்பது நிமிஷம் கழித்து முன்கதவு இறங்கியதும் எல்லாரும் சாவியைத் திருப்பி ஒருவர் பின் ஒருவராகக் கரையேற வேண்டும். நடுவில் ஒரு கார் மக்கர் செய்தால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் அம்போ.

கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் அதுதான் நடந்தது. டோர்குன் சாவியைத் திருப்பினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள், மறுபடி ‘டக்’. பின்னால் பதினோரு கார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு முறைத்திருக்கலாம். எல்லாரும் போனைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், அவளை மட்டும் பார்க்கவில்லை. பிறகு நான்கு பேர் பேசாமல் இறங்கி வந்து பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். அதில் ஒருவர் ரங்வால், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், எழுபது வயது, ஒரு தோள் சரியில்லாதவர். வண்டி தளத்தைத் தாண்டி ஏறும்போது பிடித்துக்கொண்டது. ஆனால் டோர்குனுக்குள் வேறு ஏதோ விட்டுப்போயிற்று. அண்ணன் மகள் வீட்டு விருந்துக்கு எண்பது கிலோமீட்டர் போய், திரும்பி வரும்போதும் இதே கூத்து நடக்குமே என்று நினைத்தாள். வண்டியைத் திருப்பி அதே ஃபெர்ரியில் ஏறிவிட்டாள். தளத்தில் வேலை பார்க்கும் ஸ்டைனார் அவள் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டும் காணாமல் விட்டான். இறங்கும்போது மட்டும், இனிமேல் கடைசியாக ஏறினால் எல்லாருக்கும் சௌகரியம் என்று மெதுவாகச் சொன்னான். அவன் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அதிகம் வலித்தது.

அன்று அண்ணன் மகள் இங்விலுக்குப் போன் செய்து ஜலதோஷம் என்றாள். ஈஸ்டருக்கு ஃபெர்ரி வரிசையில் நிற்கும்போதே சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ‘டக்’. படகுத்துறைச் சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொண்டு வீடு திரும்பினாள். அன்றும் ஜலதோஷம் என்றாள். கார் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த பேச்சு, தீவில் தனியாக எதற்கு இருக்கிறீர்கள், டவுனில் வயதானவர்களுக்கு நல்ல குடியிருப்பு கட்டியிருக்கிறார்களே என்றுதான் போகும். டோர்குனுக்கு அறுபத்துமூன்று. அவள் இன்னும் தன்னை வயதானவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கவில்லை.

மே மாதம் இங்வில் போன் செய்தாள். அவள் மகன் சீவர்ட்டுக்கு வருகிற ஞாயிறு சர்ச்சில் திடப்படுத்தல், ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு. பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது, அந்த ஊர்களில் கல்யாணத்துக்கு அடுத்தபடியான விசேஷம். டோர்குன் சீவர்ட்டுக்கு ஞானத்தாய் வேறு.

“அத்தை, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் இங்வில். “விருந்துல உங்களுக்குத் தட்டு வைக்கணுமா, வேண்டாமா?”

“ஏன்டி அப்படிக் கேக்கற?”

“கிறிஸ்மஸுக்கு வச்சேன். ஈஸ்டருக்கும் வச்சேன். காலி நாற்காலியையே பாத்துக்கிட்டிருந்தான் உங்க பேரன். அவனோட நாள்ல இன்னொரு காலி நாற்காலி வேண்டாம் அத்தை. வர விருப்பமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. இனிமே கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் டோர்குனைப் பயமுறுத்தியது. முப்பத்தொரு வருஷம் குரல்களை மட்டுமே கேட்டு வேலை பார்த்தவள் அவள். வை, வருகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுச் சன்னலோரம் நின்றாள். இந்த ஒரு வீட்டையும் விட்டால் அவளைச் சாப்பிடக் கூப்பிட உலகத்தில் வேறு வீடு கிடையாது.

அவள் வேலை பார்த்தது கரையில், டெலிபோன் இலாகாவின் சோதனை மேஜையில். மலை மேலேயோ தீவுக்குள்ளேயோ எங்காவது லைன் அறுந்தால் ஆட்கள் அங்கே தேடிப்போவார்கள். இவள் மேஜையில் உட்கார்ந்தபடி கம்பியின் இந்த முனையில் மீட்டரை வைத்து அளந்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தெற்கே பாருங்கள் என்று வயர்லெஸ்ஸில் சொல்வாள். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். ‘கிலோமீட்டர் டோர்குன்’ என்று அவளுக்குப் பெயர். இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள், ஆனால் பாதிப் பேரின் முகத்தைப் பார்த்ததில்லை. கோல்பெய்ன் என்று ஒருவர், பனிக்காலத்தில் கம்பத்து மேலிருந்து அவளோடு மணிக்கணக்கில் பேசியவர். அந்தச் சோதனை மேஜையையே இலாகா மூடிய அன்று நடந்த விருந்தில்தான் முதல்முறையாக நேரில் வந்தார். குட்டையாக, வழுக்கையாக, கையில் கேக் தட்டோடு நின்றார். குளிர் அதிகம் என்றார் அவர். ஆமாம் என்றாள் இவள். கதை அத்தோடு முடிந்தது.

பிறகு தீவில் பெற்றோர் விட்டுப்போன வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து எட்டு வருஷம். எல்லாவற்றையும் தனியாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கவுனின் முதுகு ஜிப்பை இழுக்கத் தூண்டில் கொக்கி கட்டிய குச்சி ஒன்று. பின்தலை முடியை வெட்ட இரண்டு கண்ணாடிகள். அலமாரியை நகர்த்த அடியில் வைக்கும் உருளைக்கிழங்குத் தோல். வழுக்கிக்கொண்டு நகரும், வேண்டுமானால் முயன்று பாருங்கள். இத்தனை சாமர்த்தியமும் எதற்கு என்றால், யாரையும் கூப்பிடாமல் இருப்பதற்கு.

காருக்கும் முடிந்ததெல்லாம் செய்தாகிவிட்டது. அந்த டீசல் கார் அவளைவிட முப்பது வயது இளையது, அவ்வளவே. கரையிலிருந்த ஒரு பட்டறைக்காரர் பேட்டரியை மாற்றினார். சரியாகவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை போனபோது, காரை மாற்றுங்கள் என்றார். அப்போதே மீட்டரை எடுத்திருக்க வேண்டியவள் டோர்குன். எடுக்கவில்லை. மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்தால் கூடவே அந்தக் குரல்களும் வரும் என்று ஒரு தயக்கம்.

ஆனால் தட்டு வை என்று சொல்லியாயிற்று. ஃபெர்ரியில் நடந்து ஏறிப் போகலாம் என்றால், அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. யாராவது காரில் இடம் கேட்கலாமா? அந்த யோசனை வந்த வேகத்தில் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் வண்டியை உருட்டிக் கொண்டுவந்து கொட்டகைக்கு முன்னால், சமதரையில் நிறுத்தினாள். அங்கிருந்து அதை உருட்டிக் கிளப்ப முடியாது. இனி கிளம்பினால் சாவியால் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் மழையில் நிற்க வேண்டியதுதான். வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினாள். முன்சக்கரங்களைக் கட்டைகள் மேல் ஏற்றினாள், பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். கியர் விழாமலிருக்கிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். என்ஜின் பிடித்துக்கொள்ளாதிருக்க டீசல் பம்புக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள்.

இந்த அளவையில் ஒரு சங்கடம் உண்டு. வண்டி சும்மா நிற்கும்போது எங்கே தொட்டு அளந்தாலும் மீட்டர் நல்ல செய்தியே சொல்லும். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட், மோட்டாரில் பன்னிரண்டு வோல்ட், எல்லாம் சுகம். பாரம் ஏறும்போதுதான் உண்மை வெளியே வரும். அதாவது ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. டோர்குனிடம் இரண்டாவது ஆள் இல்லை. அதனால் பரணில் கிடந்த பழைய டெலிபோன் கம்பியை எடுத்து, மீட்டரின் இரண்டு கால்களையும் சன்னல் வழியாக நீட்டினாள். மீட்டர் பக்கத்து சீட்டில் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

முதலில் பேட்டரியை அளந்தாள். சாவியைத் திருப்பிய மூன்று விநாடி, மோட்டார் முனகிக்கொண்டே சுற்றியது. பதினொன்றே முக்கால். நல்ல பேட்டரிதான். வெளியே வந்தாள், அடியில் போனாள், கிளிப்பை மோட்டாரில் மாட்டினாள், வெளியே வந்தாள், உள்ளே உட்கார்ந்தாள், திருப்பினாள். எட்டரை. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் எங்கேயோ தொலைந்துகொண்டிருந்தது.

ஒரு கம்பி ஒழுங்காக இருந்தால் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே அளவு இருக்கும். இரண்டு முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தால் முள் அசையாது. எங்கே அசைகிறதோ அங்கே களவு. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரின் இரண்டு முனையிலும் வைத்தாள். முள் கால் வோல்ட்கூட ஏறவில்லை. பட்டறைக்காரர் கையைக் கழுவியது இந்த வழியைப் பார்த்துவிட்டுத்தான். ஆனால் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டுமே. என்ஜினிலிருந்து காரின் உடம்புக்கு, உடம்பிலிருந்து பேட்டரிக்கு. திரும்பும் வழியை யாரும் பார்ப்பதில்லை.

டோர்குன் பார்த்தாள். உடம்பிலிருந்து பேட்டரிக்குச் சுத்தம். என்ஜினிலிருந்து உடம்புக்கு வைத்துச் சாவியைத் திருப்பினாள். முள் துள்ளி மூன்றில் போய் நின்றது.

அவளுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் ஃபெர்ரித் தளத்தில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் பக்கத்திலிருந்து லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததே. வீட்டுக்குத் திரும்ப நேர்வழி இல்லாத கரண்ட், அந்த ஒல்லிக் கேபிளில் நெருக்கியடித்துக்கொண்டு போயிருக்கிறது. முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூக்குக்குத் தெரிந்தது மூளைக்கு எட்ட ஐந்து மாதம்.

மறுபடி அடியில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்த இடுப்பு இப்போது வாயைத் திறந்து புகார் சொல்ல ஆரம்பித்திருந்தது. என்ஜினையும் உடம்பையும் சேர்ப்பது கையளவு நீளமுள்ள, பின்னலாகப் பின்னிய ஒரு செம்புப் பட்டை. என்ஜின் பக்க போல்ட்டில் சரியாக இருந்தது. உடம்புப் பக்க போல்ட்டில்தான் மூன்று வோல்ட்டும். ஸ்பானரைப் போட்டுத் திருகினாள். பட்டையை விலக்கிவிட்டு டார்ச்சை அடித்தாள்.

துருவை எதிர்பார்த்தாள். அந்த இரும்பு பச்சையாகப் பளபளத்தது.

பட்டை உட்காரும் இடத்தை யாரோ கழற்றி, துருவைச் சுரண்டி, அடிப்பூச்சு பூசி, அதன் மேல் இரண்டு கை பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஓரம் ஒழுகாத வேலை. அது காய்ந்த பிறகுதான் பட்டையைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் நல்ல கெட்டிப் பெயிண்ட். முதல் கொஞ்ச மாதம் போல்ட்டின் மரை வழியாகக் கரண்ட் எப்படியோ போய் வந்திருக்கிறது. அப்புறம் மரையும் துருப்பிடித்து அந்தச் சந்தும் அடைத்துவிட்டது. டார்ச்சை நகர்த்தினாள். அந்த இடம் மட்டுமில்லை. சக்கர வளைவு, அடிச்சட்டம், தரைத்தகட்டின் மடிப்பு, துரு தொடங்கக்கூடிய இடமெல்லாம் கரும்பச்சை.

அந்தப் பச்சை யாருடையது என்று தீவில் ஒருவரும் யோசிக்க வேண்டியதில்லை. ரங்வாலின் படகு அந்தப் பச்சை. அவர் கதவு, தபால் பெட்டி, மண்வெட்டிப் பிடி, எல்லாம் அதே பச்சை. உப்புக்காற்று தின்றுவிடும் என்று வருஷா வருஷம் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது அந்தக் கடலோரத்து வியாதி. அதில் அவர் முற்றிய கேஸ்.

டோர்குன் இடுப்பு ஆபரேஷனுக்காக ஆறு வாரம் கரையில் கிடந்த அக்டோபரில், கார் படகுத்துறையில் அலைச்சாரலில் நிற்கிறதே என்று அவர் அதைத் தன் படகுக் கொட்டகைக்குள் விட்டு வைத்தது அவளுக்குத் தெரியும். திரும்பி வந்து நன்றி சொல்லி ஒரு கேக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல்லுளிமங்கன்.

அவள் அடியிலேயே கிடந்தாள். தனக்கென்று இந்த உலகத்தில் யாரும் ஒரு துரும்பை நகர்த்துவதில்லை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த இரண்டு வருஷமும் ஒரு மனுஷன் மல்லாந்து கிடந்து, சரியில்லாத தோளோடு கையைத் தூக்கி, மூலை முடுக்கெல்லாம் அவளுக்காகப் பூசிவைத்த பெயிண்டின் மேல் உட்கார்ந்துதான் கார் ஓட்டியிருக்கிறாள். அழுகை வந்தது. காருக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள், அழுதாள்.

பிறகு கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். இவ்வளவு அழகான வேலையைச் சுரண்ட மனசு வரவில்லை. ஆனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாணயம் அளவுக்கு மட்டும் சுரண்டினாள், மற்றதைத் தொடவில்லை.

ஒரு மணிக்கு ரங்வால் தபால் பெட்டிக்குப் போவார், சனிக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும் போவார். அன்றும் வந்தார். டோர்குன் அப்போதுதான் வெளியே நகர்ந்து வந்திருந்தாள். முகம், முடி, ஸ்வெட்டர் எல்லாம் பச்சைத் தூள். அவர் வழக்கமாக, காற்று மேற்கே திரும்பிவிட்டது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவர். இந்தத் தடவை நின்றார்.

“துருவா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் எங்கே கோளாறு என்று கேட்ட மனுஷனிடம் டோர்குன் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பான இடத்தைச் சொன்னதில்லை.

“துரு இல்ல,” என்றாள். “பெயிண்ட். கரண்ட் திரும்பிப் போற இடத்தை மூடியிருந்துச்சு.”

ரங்வால் அவள் ஸ்வெட்டரைப் பார்த்தார். “என் பச்சை.”

“ஆமா.”

“அப்ப கிறிஸ்மஸுக்கு நின்னுபோனது?”

“இதனாலதான்.”

“ஈஸ்டருக்கு நீ வரிசையிலேருந்து திரும்பி வந்தியே.”

அதையும் பார்த்திருக்கிறார். “அதுவும் இதனாலதான்,” என்றாள். “ஆனா அடியில ஒரு பொட்டு துரு இல்ல ரங்வால். புதுசா வாங்கின காருல கூட அப்படி இருக்காது. உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்.”

அவர் தலையை ஆட்டினார். தபால் பெட்டிப் பக்கம் போகாமல் வந்த வழியே திரும்பி நடந்தார். உள்ளே வாருங்கள், காபி போடுகிறேன் என்று அந்த இடத்தில் டோர்குன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா என்றால், இல்லை. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டையை மாட்டி இறுக்கினாள், மேலே கிரீஸ் தடவினாள், பம்பின் ஒயரைப் பொருத்தினாள். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு, சமதரையில், முதல் திருப்பிலேயே. சொல்ல ஆள் தேடியவள் மாதிரி பக்கத்து சீட்டைப் பார்த்தாள். மீட்டர் உட்கார்ந்திருந்தது.

ஞாயிறு காலை எட்டே கால் ஃபெர்ரி. விசேஷ நாள் என்பதால் பாதிக் கார்களில் வெள்ளிப் பொத்தான் மின்னும் பாரம்பரிய உடைகள். டோர்குனும் அம்மாவின் உடையை அணிந்திருந்தாள், ஜிப் குச்சிக்கு அன்று வேலை இல்லை, அந்த உடைக்குக் கொக்கிகள் முன்பக்கம். ஸ்டைனார் அவளைக் கடைசிக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடு வரிசையில் ஏறினாள். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. என்ஜினை அணைத்த பிறகும் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். சரியாகப் பின்னால் ரங்வாலின் வேன். வேலை உடையில் உட்கார்ந்திருந்தார். வேனின் முன் பம்பரில், படகு பாறையில் இடிக்காமலிருக்கத் தொங்கவிடும் பழைய டயர் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவளுடைய கார் மறுபடி நின்றுபோனால், ஒருவரும் இறங்கி வந்து தள்ள வேண்டியிராமல், அந்த டயரைக் கொடுத்து வேனால் முட்டித் தள்ளிக் கரையேற்றிவிட வந்திருக்கிறார்.

மற்றவர்கள் மேல்தளத்துக்குக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். ஐம்பது நிமிஷம் இரண்டு பேரும் அவரவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டயர் தூரம். அவள் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவர் கடலைப் பார்த்தார்.

முன்கதவு இறங்கியது. முன்னால் இருந்த கார்கள் நகர்ந்தன. டோர்குன் சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்று. வண்டி உறுமிக்கொண்டு தளத்தைத் தாண்டிக் கரையேறியது.

கண்ணாடியில் மறுபடி பார்த்தாள். சரிவின் உச்சியில் ரங்வால் இடது பக்கம் விளக்குப் போட்டார். தீவுக்குத் திரும்புகிறவர்கள் நிற்கும் பாதை அது. கரையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. வந்த வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகிறார், காலை முழுக்க நடந்ததைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

டோர்குன் பிரேக்கை மிதித்தாள். ஒற்றை வழிப் பாதையின் நட்டநடுவில், அத்தனை கார்களையும் மறித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினாள். இறங்கி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனிடம் நடந்தாள். அவர் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார்.

“நின்னுடுச்சா?”

“இல்ல. விருந்துக்கு வாங்க.”

அவர் கிண்டல் செய்கிறாளோ என்பது போல அவளைப் பார்த்தார். “என்னைக் கூப்பிடலையே.”

“நான் கூப்பிடறேன். தனியா போகக் கஷ்டமா இருக்கு எனக்கு.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று டோர்குனுக்கே உறைத்தது. அறுபத்துமூன்று வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ரங்வால் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “இந்தச் சட்டையோடயா? பெயிண்ட் கறை வேற.”

“என் காரு அடியில முழுக்க அந்தக் கறைதான். அதையும்தான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

பின்னால் ஒன்பது கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, எல்லாரும் போனைப் பார்த்தார்கள். ஸ்டைனார் மட்டும் தளத்திலிருந்து ஓடி வந்து, யார் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டான்.

“கோளாறு ஒண்ணும் இல்ல,” என்றாள் டோர்குன். “பேசிக்கிட்டிருக்கோம்.”

ரங்வால் வேனை ஓரம் கட்டப் போனார். டோர்குன் தன் காரைப் பாதையை விட்டு விலக்கி, துறை வாசலில் நிறுத்தினாள். நல்ல சமதரை. இங்விலுக்குப் போன் செய்து, இன்னொரு தட்டு வை என்றாள். யாருக்கு அத்தை என்று அவள் கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றாள். அவர் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். டோர்குன் மீட்டரைப் பக்கத்து சீட்டிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்த என்ஜினை வேண்டுமென்றே அணைத்தாள். அவர் ஏறிக் கதவைச் சாத்தும் வரை காத்திருந்து, பிறகு சாவியைத் திருப்பினாள்.